பனிநாடுகளில் வெப்பநாட்டுச் செடிகளின் குளிர்காலக் காப்பு

உறைபனியைத் தாங்கும் திறனற்ற செடிகளைக் குளிர்நாட்டுத் தோட்டங்களில் குளிர்காலம் முடியும்வரை உயிருடன் வைத்திருக்கும் முறையே குளிர்காலக் காப்பு எனப்படுகிறது. எலுமிச்சை, வாழை, டேலியா, செரேனியம் போன்றவை கோடையில் இலண்டனிலோ பாரிசிலோ திறந்த வெளியில் நன்றாகவே வளரும். அக்டோபர் பிறந்ததும் அவற்றுக்கு இடம் தேட வேண்டியிருக்கும். அந்த இடத்தை ஐரோப்பியத் தோட்டக்காரர்கள் ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகள் தேடினார்கள். செடிக்குச் சூடு வேண்டும் என்பது அவர்களுக்கு முதலிலேயே தெரிந்தது. நல்ல காற்று வேண்டும் என்பது பிறகு தெரிந்தது. வெளிச்சம் வேண்டும் என்பதற்குத் தக்கபடி கட்டடம் கட்டியது மிகவும் பிந்தித்தான்.

செடி ஏன் மடிகிறது

உறைபனி விழும்போது செல்களுக்கு இடையில் உள்ள நீரே முதலில் பனிக்கட்டியாகிறது. அந்தப் பனிக்கட்டி செல்லுக்குள் இருக்கும் நீரை வெளியே இழுக்கிறது. செல் வற்றிச் சுருங்கி அதன் சவ்வு சிதைகிறது. மறுநாள் வெயிலில் பனி உருகியதும் இலை வேகவைத்த கீரைபோலத் தொங்குவதற்குக் காரணம் இதுதான். வெப்பமண்டலச் செடிகளுக்கு இன்னொரு தொல்லையும் உண்டு. நீர் உறைய வேண்டிய தேவைகூட இல்லை. வெப்பநிலை 10 பாகை செல்சியசுக்குக் கீழே சில நாட்கள் நின்றாலே வாழை போன்றவற்றின் செல்சவ்வுகள் விறைத்து, வேர் நீரை உறிஞ்சுவது தளர்ந்துவிடும்.

ஒளியின் கணக்கு வேறு. திசம்பர் மாதக் கடைசியில் சென்னையில் பகல் பொழுது சுமார் 11 மணி 20 நிமிடம். உச்சிப்பொழுதில் சூரியன் அடிவானத்திலிருந்து 53 பாகைக்கு மேல் நிற்கும். அதே நாளில் இலண்டனில் பகல் 8 மணி நேரம்கூட இல்லை. நண்பகலிலும் சூரியன் 15 பாகை உயரத்தைத்தான் எட்டும். பல நாட்கள் மேகத்துக்குப் பின்னாலேயே கடந்துவிடும். அறையைச் சூடாக்கிவிட்டு ஒளியைக் கொடுக்காவிட்டால் செடி ஓய்வெடுக்கவும் முடியாமல் உணவு தயாரிக்கவும் முடியாமல், சேமித்ததைத் தின்று, வெளிறி நீண்டு, கடைசியில் மடியும். சூடும் ஒளியும் ஒன்றுக்கொன்று ஈடாக இருக்க வேண்டும் என்ற இந்தச் செய்தி இன்று பள்ளி மாணவருக்கும் தெரியும். அன்று அரசர்களின் தோட்டக்காரர்களுக்குத் தெரியவில்லை.

தொடக்க முயற்சிகள்

உரோமைப் பேரரசர் திபேரியசுக்கு நாள்தோறும் வெள்ளரிக்காய் வேண்டியிருந்ததால், அவருடைய தோட்டக்காரர்கள் சக்கரம் வைத்த பாத்திகளில் கொடியை வளர்த்து வெயிலுக்கு உருட்டிச் சென்றதாகவும், குளிர்நாட்களில் ஒளி ஊடுருவும் கல் தகடுகளால் மூடியதாகவும் பிளினி எழுதியிருக்கிறார். கொரியாவில் 15ஆம் நூற்றாண்டின் நடுவில் எழுதப்பட்ட ஒரு சமையல், வேளாண்மை நூலில், தரைக்கு அடியில் புகைவழி அமைத்துச் சூடேற்றி, எண்ணெய் பூசிய தாளைச் சாளரமாக ஒட்டிய காய்கறி வீடு விளக்கப்படுகிறது. சூடு, ஈரம், ஒளி மூன்றையும் சேர்த்துக் கருதிய அமைப்பு அது. ஐரோப்பா அந்த நிலையை எட்ட நெடுங்காலம் ஆனது.

ஐரோப்பாவில் இந்தக் கலையைத் தொடங்கி வைத்தது ஆரஞ்சு மரம். ஆல்ப்சு மலைக்கு வடக்கே ஆரஞ்சு வளர்ப்பது செல்வத்தின் அடையாளமாக இருந்தது. செருமனியின் ஐடல்பெர்க்கில் மரங்களைத் தரையிலேயே நட்டு, ஒவ்வோர் ஆண்டும் குளிர் தொடங்கும்போது அவற்றைச் சுற்றிப் பெரிய மரக்கொட்டகை எழுப்பினார்கள். உள்ளே அடுப்புகள் எரியும். ஈசுட்டர் திருநாள் வந்ததும் கொட்டகையைப் பிரித்துவிடுவார்கள். பந்தல் போட்டுப் பிரிப்பது போன்ற வேலைதான். ஆனால் பந்தலுக்குள் இரவு முழுவதும் நெருப்பைக் காக்க ஆள் இருக்க வேண்டும்.

மரத்தைத் தொட்டியில் வைத்து, கட்டடத்தை நிலையாகக் கட்டினால் இந்த வேலை மிச்சம் என்று கண்டபின் ஆரஞ்சுக் கூடங்கள் தோன்றின. இவற்றுள் புகழ்பெற்றது பிரான்சின் வெர்சாய் அரண்மனையில் உள்ளது. பதினான்காம் லூயி மன்னனுக்காகக் கட்டடக் கலைஞர் அர்துவான் மான்சார் 1684 முதல் 1686 வரை இதைக் கட்டினார். நடுக்கூடத்தின் நீளம் மட்டும் 150 மீட்டருக்கு மேல். வடபுறம் மண்மேட்டோடு ஒட்டியது. தென்புறம் மட்டும் உயர்ந்த சாளரங்கள். சுவர்கள் பல மீட்டர் தடிப்பானவை. அடுப்பே இல்லாமல் குளிர்காலத்தில் உள்ளே வெப்பநிலை உறைநிலைக்குச் சில பாகை மேலேயே நிற்கும். இன்றும் ஆயிரத்துக்கு மேற்பட்ட மரங்கள் மரப்பெட்டிகளில் அக்டோபரில் உள்ளே போய் மே மாதத்தில் வெளியே வருகின்றன.

வெர்சாயின் வெற்றி கட்டடத்தால் மட்டும் கிடைத்ததல்ல. ஆரஞ்சு மரத்தின் இயல்பும் அதற்குத் துணை. நாரத்தை, ஆரஞ்சு வகை மரங்கள் குளிரில் வளர்ச்சியை நிறுத்திக்கொண்டு அரைத் தூக்கத்தில் கிடக்கும். அப்போது குறைந்த ஒளியே போதும். இதே கட்டடத்தில் வாழையை வைத்திருந்தால் ஒரு குளிர்காலம்கூடத் தாண்டியிருக்காது.

புகையும் காற்றும்

குளிர் கடுமையான நாடுகளில் சுவர் மட்டும் போதவில்லை. கூடத்துக்குள்ளேயே கரி அடுப்பை வைத்தார்கள். கரிக்கனல் நிறைந்த இரும்பு வண்டியை இரவில் மரங்களுக்கு இடையே இழுத்துச் செல்வதும் உண்டு. செடி குளிரில் சாகாமல் புகையில் செத்தது. கனல் காக்கும் ஆளுக்கும் அந்தக் காற்று நஞ்சுதான்.

இங்கிலாந்தின் தோட்டக்கலை எழுத்தாளர் சான் ஈவ்லின் இந்தச் சிக்கலைப் பல ஆண்டுகள் யோசித்தவர். 1683-84 குளிர்காலத்தில் தேம்சு ஆறே உறைந்து, அதன்மேல் கடைகள் போடப்பட்டன. அந்தப் பனியில் தம் தோட்டத்துக்கு ஏற்பட்ட சேதத்தை ஈவ்லின் அரச கழகத்துக்கு எழுதி அனுப்பினார். அடுத்த ஆண்டு, 1685இல், மருந்து வணிகர் சங்கத்தின் செல்சித் தோட்டத்தை அவர் போய்ப் பார்த்தார். அங்கே வாட்சு என்னும் பொறுப்பாளர் அடுப்பைக் கூடத்துக்கு வெளியே, செங்கல் வளைவுகளுக்குக் கீழே வைத்து, தரை வழியாகச் சூடு ஏறும்படி செய்திருந்தார். புகை உள்ளே வராது. கடும் பனியிலும் கதவைத் திறந்து வைக்க முடிந்தது. ஈவ்லினுக்கு இது பெரிய வியப்பு. 1691இல் தம் தோட்ட நாட்காட்டி நூலின் புதிய பதிப்பில், வெளிக்காற்றைக் குழாய் வழியாக அடுப்பினூடே செலுத்திச் சூடாக்கி உள்ளே விடும் அமைப்பு ஒன்றை அவரே படத்துடன் விளக்கினார். செடிக்குத் தூய காற்று வேண்டும் என்ற கருத்து அப்போது நிலைபெற்றது.

அன்னாசி, வாழை, வெப்பமானி

17ஆம் நூற்றாண்டில் டச்சுக் கப்பல்கள் கீழைநாடுகளிலிருந்து ஏராளமான செடிகளைக் கொண்டுவந்தன. இலங்கையில் டச்சு வணிகக் குழுமத்தின் மருத்துவராக 1672 முதல் பணியாற்றிய பால் எர்மான், பிறகு லைடன் பல்கலைக்கழகத்தின் தாவரவியல் பேராசிரியராகி, அங்குள்ள தோட்டத்தைப் பெரிதாக வளர்த்தார். இலங்கைச் செடிக்கு ஆரஞ்சுக் கூடம் போதாது. இரவும் பகலும் சூடு வேண்டும்.

இதற்கு விடை தோல் பதனிடும் தொழிலிலிருந்து வந்தது. தோல் ஊறப்போட்டுக் கழித்த ஓக் மரப்பட்டையைக் குழியில் குவித்தால் அது நொதித்து, மாதக்கணக்கில் சீரான சூட்டைத் தரும். சாணக் குவியல் விரைவில் சூடேறி விரைவில் ஆறிவிடும். மரப்பட்டை நின்று நிதானமாகச் சூடு தரும். அந்தக் குழிக்குள் தொட்டிகளைப் புதைத்து அன்னாசி வளர்த்தார்கள். இலண்டனுக்கு அருகே ரிச்மண்டில் மாத்யூ டெக்கர் என்னும் வணிகரின் தோட்டக்காரர் எனறி தெலந்தே இம்முறையில் அன்னாசி பழுக்கவைத்தார். 1720இல் அந்தப் பழத்துக்காகவே ஓர் ஓவியம் தீட்டப்பட்டது. அது கேம்பிரிட்சு அருங்காட்சியகத்தில் இன்றும் உள்ளது. மனிதருக்கு உருவப்படம் தீட்டுவதுபோல அன்னாசிக்கும் தீட்டினார்கள் என்றால் அதன் மதிப்பை ஊகிக்கலாம்.

நம்மூரில் கிணற்றடியில் தானாக வளரும் வாழைக்கும் அங்கே இதே மரியாதை. நெதர்லாந்தில் ஆர்லெம் நகருக்கு அருகே கிளிபோர்டு என்னும் செல்வரின் தோட்டத்தில், இளைஞராக இருந்த கார்ல் லின்னேயசு ஒரு வாழையைப் பூக்கவைத்தார். வளமான மண்ணில் நட்டு, சில வாரங்கள் நீரே விடாமல் காயப்போட்டு, பிறகு மழைக்காலம் வந்ததுபோல நிறைய நீர் ஊற்றுவது அவர் முறை. 1736இல் வாழை பூத்தது. அதைப் பற்றி அவர் ஒரு தனி நூலே வெளியிட்டார்.

லின்னேயசு சுவீடன் திரும்பி உப்சாலா பல்கலைக்கழகத் தோட்டத்தின் பொறுப்பை ஏற்றபின் நிகழ்ந்த ஒன்று மாணவர்கள் அறியத்தக்கது. அவருடைய நாட்டினரான செல்சியசு 1742இல் முன்மொழிந்த வெப்ப அளவுகோலில் நீர் கொதிக்கும் நிலை 0, உறையும் நிலை 100. தலைகீழான இந்த அளவு திருப்பப்பட்டு, உறைநிலை 0 என்று வந்த தொடக்ககாலப் பதிவுகளில் ஒன்று 1745இல் வெளியான உப்சாலாத் தோட்டம் பற்றிய நூலில் காணப்படுகிறது. செடிக்கூடத்தில் எத்தனை பாகைக்குக் கீழே இறங்கக் கூடாது என்று குறிக்க, உறைநிலையைச் சுழியாகக் கொள்வது தோட்டக்காரருக்கு எளிது.

வெளிச்சம் வந்த விதம்

18ஆம் நூற்றாண்டின் இடைப்பகுதியிலும் செடிக்கூடம் என்பது பெரிய சாளரம் வைத்த கல் கட்டடமாகவே இருந்தது. கூரை ஓடு அல்லது ஈயத்தகடு. இலண்டன் கியூ தோட்டத்தில் வில்லியம் சேம்பர்சு 1761இல் கட்டிய ஆரஞ்சுக் கூடம் அழகில் குறையில்லாதது. தரைக்கு அடியில் சூடேற்றும் வழியும் இருந்தது. ஆனால் உள்ளே இருட்டு. ஆரஞ்சு மரங்களே அதில் செழிக்கவில்லை. 1841இல் அவற்றை வேறிடத்துக்கு அனுப்பிவிட்டார்கள். எண்பது ஆண்டுகள் ஒரு கட்டடம் தன் பெயருக்குரிய மரத்தைச் சரியாக வளர்க்க முடியாமல் நின்றது.

கூரையையும் கண்ணாடியால் வேய்வதற்குத் தடையாக இருந்தவை இரண்டு. ஒன்று, கனமான மரச்சட்டங்கள் ஒளியை மறைத்தன. 1816இல் லவுடன் என்னும் இசுக்காட்லாந்துக்காரர் வளைக்கக்கூடிய மெல்லிய தேனிரும்புச் சட்டத்தை உருவாக்கினார். வளைந்த கூரைகள் அதனால் இயன்றன. மற்றொன்று வரி. பிரித்தானியாவில் 1740களின் நடுவிலிருந்து கண்ணாடிக்கு எடைக்கணக்கில் தீர்வை வாங்கினார்கள். எடை குறையத் தீர்வை குறையும் என்பதால் சிறிய, மெல்லிய சில்லுகளையே பயன்படுத்தினார்கள். ஒரு நூற்றாண்டு கழித்து, 1845இல்தான் அந்த வரி ஒழிந்தது. செடிகளின் வரலாற்றில் ஒரு வரிச்சட்டம் இத்தனை பெரிய இடம் பிடிக்கும் என்று எவரும் எண்ணியிருக்க மாட்டார்கள்.

வரி ஒழிவதற்கு முன்பே பெருஞ்செல்வர்கள் பொறுக்கவில்லை. டெவன்சயர் கோமகனின் சேட்சுவர்த் மாளிகைத் தோட்டத்தில், உழவர் குடும்பத்தில் பிறந்து தலைமைத் தோட்டக்காரராக உயர்ந்த சோசப் பாக்சுடன், 1836இல் ஒரு மாபெரும் கண்ணாடிக்கூடத்தைத் தொடங்கினார். அகலம் மட்டும் 123 அடி. எட்டுக் கொதிகலன்கள், சுமார் ஏழு மைல் நீள வெந்நீர்க் குழாய்கள். நிலக்கரி வண்டிகள் கண்ணில் படக்கூடாது என்று அவற்றுக்குத் தரைக்கு அடியில் தண்டவாளம். 1843இல் விக்டோரியா அரசி வந்தபோது அதனுள்ளே குதிரை வண்டியிலேயே சென்றார். மொரீசியசிலிருந்து வந்த ஒரு குட்டை வாழையை அதே தோட்டத்தில் பாக்சுடன் வளர்த்து, 1835இல் பூக்கவைத்தார். கோமகனின் குடும்பப் பெயரான கேவண்டிசு அந்த வாழைக்குச் சூட்டப்பட்டது. இன்று தேனி மாவட்டத்தில் பெருமளவில் பயிராகும் சி-9 வாழையும் கேவண்டிசு வகையைச் சேர்ந்ததே. அதன் பெயர் ஓர் ஆங்கிலேயக் கண்ணாடிக்கூடத்திலிருந்து வந்தது.

கியூவில் 1844 முதல் 1848 வரை பனைக்கூடம் எழுந்தது. அங்கே வெளிச்சம் அதிகமாகிச் செடி கருகிவிடுமோ என்று அஞ்சிப் பச்சை நிறம் ஏற்றிய கண்ணாடியைப் போட்டார்கள். நூறாண்டு இருட்டில் வைத்தவர்கள் இப்போது ஒளிக்கு அஞ்சினார்கள். இலண்டனின் கரிப்புகை வானத்தை மறைக்கத் தொடங்கியபின், நூற்றாண்டின் இறுதியில் நிறமற்ற கண்ணாடிக்கே திரும்பினார்கள். தென்னாப்பிரிக்காவிலிருந்து பிரான்சிசு மேசன் 1775இல் கொண்டுவந்த ஒரு சைக்காசு இனத் தொட்டிச் செடி இந்தக் கூடத்தில் இன்றும் உயிருடன் உள்ளது.

கண்ணாடி வாங்க முடியாதவர்கள்

மேலே சொன்னவை எல்லாம் அரசர், செல்வர் கதை. எளிய வீட்டுக்காரரும் செடி காத்தார்கள். அவர்கள் முறை செடியை விழித்திருக்க வைப்பதல்ல, தூங்கவைப்பது.

மெக்சிகோவிலிருந்து 1789இல் மாட்ரிட் நகருக்கு வந்த டேலியா இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. முதல் உறைபனியில் இலை கருத்ததும் தண்டைச் சாணளவு விட்டு வெட்டி, கிழங்கைத் தோண்டி எடுப்பார்கள். தண்டு குழல் போன்றது. அதில் தேங்கிய நீர் கிழங்கை அழுகவைக்கும். எனவே சில நாட்கள் தலைகீழாகக் கவிழ்த்து வடியவிட்டு, உலர்ந்த மணலில் புதைத்து, உறைபனி எட்டாத நிலவறையில் வைப்பார்கள். ஒளி தேவையில்லை, நீரும் தேவையில்லை. குளிரில் சாகும் கிழங்கைவிட ஈரத்தில் அழுகும் கிழங்கே அதிகம் என்பது தோட்டக்காரர்களின் அனுபவம். செரேனியத்துக்கு வேறு வழி: ஆகத்து மாதத்தில் தண்டுத் துண்டுகளை வெட்டி வேர்விடச் செய்து, சமையலறைச் சாளரத்தில் சிறு தொட்டியில் வைத்துக்கொள்வது. தாய்ச்செடி பனியில் போனாலும் பிள்ளைச்செடி மிஞ்சும்.

விக்டோரியா காலத்தில் இதுவே பேரளவில் நடந்தது. பெரிய மாளிகைகள் கோடைப் பாத்திகளுக்காகப் பல்லாயிரம் துண்டுகளைக் குளிர்காலம் முழுவதும் கண்ணாடியின் கீழ் காத்தன. காத்தவர்கள் இளம் தோட்டப் பணியாளர்கள். கண்ணாடிக்கூடத்தை ஒட்டிய வடபுறச் சுவரோடு அமைந்த சிறு குடிலில் அவர்கள் தங்கினார்கள். இரவில் முறைவைத்து எழுந்து கொதிகலனுக்குக் கரி போட வேண்டும். ஒருவர் அயர்ந்து தூங்கினால், விடிவதற்குள் ஆண்டுக்கணக்கான சேமிப்பு கருகிவிடும்.

நெருப்பு அணைந்தபோது

இத்தனை உழைப்பும் எரிபொருளும் எதற்கு என்று கேட்டவர் வில்லியம் ராபின்சன். அவரும் தோட்டப் பணியாளராகத் தொடங்கியவர். 1870இல் வெளியிட்ட நூலில், கவனிப்பின்றித் தானே குளிரைத் தாங்கும் செடிகளையே நடுங்கள் என்று வாதிட்டார். அவர் வாதம் பலரை மாற்றியது. ஆனால் கண்ணாடிக்கூடங்களை மூடவைத்தது வாதம் அல்ல, போர். முதல் உலகப்போரில் நிலக்கரி போருக்குப் போனது. கரி போடும் இளைஞர்களும் போனார்கள். சேட்சுவர்த் பெருங்கூடத்தில் சூடு நின்றது. எண்பது ஆண்டுகளாகச் சேர்த்த செடிகள் குளிரில் மடிந்தன. பழுதுபார்க்கும் செலவைத் தாங்க முடியாமல் 1920இல் கூடத்தை வெடிவைத்துத் தகர்த்தார்கள். முதல் வெடிகளுக்கு அது விழவில்லை. தகர்க்கும் வேலையை ஏற்றவர் பாக்சுடனின் பேரன்.

நீலகிரியில்

தமிழ்நாட்டுக்கு இந்த வரலாற்றோடு நேரடித் தொடர்பு உதகமண்டலம் வழியாக வருகிறது. கியூவில் பயிற்சி பெற்ற மக்கைவர் 1848இல் உதகைக்கு வந்து அரசு தாவரவியல் பூங்காவை உருவாக்கினார். மலேரியா மருந்துக்கான சின்கோனா 1860களின் தொடக்கத்தில் அவருடைய பொறுப்பில் நீலகிரியில் வேரூன்றியது.

உதகை நிலநடுக்கோட்டுக்கு அருகில், 2,200 மீட்டருக்கு மேற்பட்ட உயரத்தில் இருக்கிறது. திசம்பர், சனவரி விடியற்காலைகளில் புல்வெளி வெள்ளையாக உறைந்து கிடக்கும். பத்து மணிக்கெல்லாம் நல்ல வெயில் அடிக்கும். ஐரோப்பியருக்கு நூறாண்டுத் தலைவலியாக இருந்த ஒளிக்குறைவு இங்கே இல்லை. இரவைத் தாண்டினால் போதும். ஆகவே பூங்காப் பணியாளர்கள் மாலையில் மலர் நாற்றுகள் மீது மிலார் செடிகளைக் கொத்தாகச் செருகியோ தாள் போர்த்தியோ வைக்கிறார்கள். காலையில் வெயில் ஏறுவதற்கு முன் புல்வெளியிலும் செடிகளிலும் நீர் தெளித்து உறைந்த பனியைக் கரைக்கிறார்கள்.